காளான் பறிப்பவர்களுக்கு முந்தின மாலையே தகவல் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். யானை நடமாட்டம் இருப்பதால் காளான் பறிக்க யாரும் காட்டுக்குள் செல்ல வேண்டாம் என்னும் எச்சரிக்கை, புரட்டாசி பிறந்தால் தங்கள் நாளிதழில் தவறாமல் வெளிவருகிறது. அதில் பிழையில்லை; ஆனால் புற்றுக்காளான் எங்கே முளைக்கிறது என்று அறியாதவர்கள் எழுதிய வாசகம் அது என்றே எனக்குப் படுகிறது.

இந்தக் காளான் கரையான் வைக்கும் வெள்ளாமை. அரைகுறையாகச் செரித்துக் கழித்த மக்கின்மேல் கரையான் புற்றுக்குள் வளர்க்கும் பூஞ்சைதான், இடிமழைக்குப் பிறகு நீண்ட வேரோடு மண்ணைத் துளைத்து வந்து குடை விரிக்கிறது. ஆகவே காப்புக்காட்டில் மட்டுமன்றி, பட்டா நிலத்து வரப்பிலும், புளியமரத்தடியிலும், ராகிக் கொல்லையை ஒட்டிய கரட்டிலும் அது முளைக்கும். யானை வருவது அந்த ராகிக்கு. கரடி வருவது அந்தப் புற்றைத் தோண்டிக் கரையான் தின்ன. மொட்டு விரிந்து வெயில் ஏறினால் புழு வைத்துவிடும் என்பதால், எங்கள் ஊர்ப் பெண்கள் விடியுமுன்பே கூடையோடு கிளம்பிவிடுகிறார்கள். யானை கொல்லையை விட்டுக் காட்டுக்குத் திரும்பும் நேரமும் அதுதான்.

சென்ற ஆண்டு அம்மாவுடன் நானும் போயிருந்தேன். எங்கள் சொந்த வரப்பில், டார்ச் வெளிச்சத்தில் பத்துப் பன்னிரண்டு மொட்டுகள் தெரிந்தன. அம்மா குனிந்து, புற்று உடையாதபடி விரலால் மண்ணை விலக்கி, ஒவ்வொன்றாகத் திருகி எடுத்துக்கொண்டிருந்தார். (கடப்பாரை போட்டுத் தோண்டுபவர்களை அவர் மன்னிப்பதே இல்லை; அடுத்த ஆண்டு அந்தப் புற்றில் ஒன்றும் வராது என்பார்.) திடீரென்று விளக்கை அணைக்கச் சொன்னார். நான்கடி தள்ளி, இன்னும் ஆவி அடங்காத யானை லத்தி கிடந்தது. தேக்கிலையில் மடித்தது போக மீதியை அப்படியே விட்டுவிட்டுத் திரும்பினோம்.

அதை அம்மா இன்றுவரை எந்த வனக்காவலரிடமும் சொல்லவில்லை. சொன்னால் முதலில் வரும் கேள்வி, "அந்த நேரத்தில் அங்கே உனக்கு என்ன வேலை?" என்பதுதான். தடத்தையும் லத்தியையும் முறிந்த மூங்கிலையும் எல்லோருக்கும் முன்பாகப் பார்ப்பவர்கள் இப்படி வாய் திறவாமல் இருக்க, யானை வந்த செய்தி பொழுது ஏறிய பிறகே ஊருக்குத் தெரிகிறது.

காவேரி வடக்கு சரணாலயம் 2014இலும், தெற்கு சரணாலயம் 2022இலும் அறிவிக்கப்பட்டதை வரவேற்றவர்களில் நானும் ஒருவன். சரணாலயத்துக்குள் புகுந்து பறிப்பதற்காக நான் வாதாடவில்லை. வரப்பில் பறிப்பவர்களையும் வீட்டுக்குள் இருக்கச் சொன்னால் என்ன நடக்கிறது என்பதையும் கண்டிருக்கிறேன்: யானைக்குப் பயந்தவர்கள், வீட்டருகே மாடு மேயும் புல்தரையில் முளைத்த வெள்ளைக் குடைகளைப் பறித்து, சில மணி நேரத்துக்குள் வாந்தியும் வயிற்றுப்போக்குமாக ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். முற்றிய பின் குடையின் அடிமடிப்பு பச்சையாக மாறும் நச்சுக்காளான் அது. இளசாக இருக்கையில் வெறும் வெள்ளைதான். குழம்பில் வெள்ளிக்காசு போட்டுப் பார்க்கும் பழைய சோதனை நஞ்சைக் காட்டிக்கொடுப்பதில்லை.

எனவே வனத்துறையிடம் தங்கள் வழியாக நான் கேட்பது இதுதான். மழை பெய்த நாள்களில், யானைக்கூட்டம் எந்தப் பக்கம் நிற்கிறது என்பதை அன்று மாலை ஏழு மணிக்குள் கோயில் ஒலிபெருக்கியில் சொல்ல வேண்டும். "தேன்கனிக்கோட்டை பகுதியில் யானைகள்" என்றால் கூடை எடுப்பவருக்கு ஒன்றும் விளங்காது. ஏரி, பள்ளம், தோப்பு ஆகியவற்றை ஊரார் அழைக்கும் பெயரிலேயே குறிப்பிட வேண்டும். யானையையோ கரடியையோ பார்த்ததாகச் சொல்ல வரும் பெண்ணிடம், ஏன் போனாய் என்று கேட்காமல், எங்கே பார்த்தாய், எந்தத் திசையில் போயிற்று என்று மட்டும் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
அஞ்செட்டி, கிருஷ்ணகிரி மாவட்டம்.