சராசரிக்குப் பக்கத்தில் நான்கு எடைகளையும் ஒட்டுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சம்பா அறுவடை முடிந்து பயிர்க் காப்பீட்டு இழப்பீடு அறிவிப்பு வந்ததும் டெல்டா ஊர்களில் எழும் கேள்வி ஒன்றுதான்: "பக்கத்து ஊருக்கு வந்திருக்கிறது, நமக்கு ஏன் வரவில்லை?" பதிலாகக் கிடைப்பதும் ஒரே ஓர் எண்தான், அந்த ஊரின் சராசரி மகசூல். அந்த எண் எங்கிருந்து வருகிறது, அதை எவ்வளவு நம்பலாம் என்பதைக் கணக்குப் போட்டுப் பார்க்க பதினோராம் வகுப்புப் புள்ளியியலே பெரும்பாலும் போதும்.

சில வயல்களில் ஒரு சிறு சதுரத்தை மட்டும் அறுத்து எடை பார்க்கும் பயிர் அறுவடைப் பரிசோதனையிலிருந்துதான் அந்த எண் வருகிறது. இதற்கு வயலைக் குலுக்கல் முறையில் எடுக்க வேண்டும். ஊரில் நெல் நிற்கும் புல எண்களில் சமவாய்ப்பு எண் அட்டவணை எதைக் காட்டுகிறதோ அதுதான். அடுத்து, வயலுக்குள் எந்த இடம் என்பது. தென்மேற்கு மூலையில் நின்று நீளத்தையும் அகலத்தையும் அளக்கிறார்கள். 60 மீட்டருக்கு 32 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அறுக்கப்போகும் சதுரம் 5-க்கு 5 மீட்டர். அது வரப்பைத் தாண்டி வெளியே போய்விடாமலிருக்க இரண்டு அளவிலும் 5 கழித்தால் 55, 27. அட்டவணையில் இந்த வரம்புகளுக்குள் 38, 14 என்று எண்கள் விழுந்தால், நீளவாக்கில் 38 மீட்டர் நடந்து, அங்கிருந்து உள்ளே 14 மீட்டர் போய் முதல் முளையை அடிக்க வேண்டும். அந்த இடத்தில் பயிர் சாய்ந்து கிடந்தாலும், எலி வெட்டியிருந்தாலும், கதிர் தலைசாய்த்துச் செழித்து நின்றாலும் அங்கேதான். "இங்கே ரொம்பப் படுத்துக் கிடக்கிறது, கொஞ்சம் தள்ளிப் போவோம்" என்று காப்பீட்டு நிறுவனத்து ஆள் சொன்னாலும், "இந்த ஒரு மூலைதான் விளைந்திருக்கிறது சார்" என்று விவசாயி சொன்னாலும் முளை நகரக் கூடாது. நகர்ந்தால் அதற்குப் பிறகு போடும் எந்தக் கணக்குக்கும் பிடிமானம் இல்லை. இரு தரப்பும் ஒத்துக்கொண்டு "பார்த்தால் சராசரியாகத் தெரிகிற" இடத்துக்கு நகர்த்துவது இன்னும் மோசம். நிற்கிற கதிரில்தான் கண் பதியும், வெறும் சேறாகக் கிடக்கும் திட்டு கணக்கில் வராது.

முளையும் கயிறும் சின்ன விஷயம் என்று நினைக்க வேண்டாம். நான்கு பக்கமும் 5 மீட்டர் சரியாக இருந்தாலும் மூலைக்கு மூலை 7 மீட்டர் 7 சென்டிமீட்டர் வராவிட்டால் அது சதுரம் இல்லை, கோணிக்கொண்டு பரப்பு குறைந்துவிடும். பக்கத்துக்கு 10 சென்டிமீட்டர் கூடினாலோ பரப்பு 26.01 சதுர மீட்டர். அதாவது விளையாத நெல் 4 சதவீதம் காகிதத்தில் விளைந்துவிடும். 25 சதுர மீட்டர் என்பது ஒரு எக்டேரில் 400-ல் ஒரு பங்கு. தூற்றும்போது படுதாவுக்கு வெளியே சிந்தும் 100 கிராம் நெல் கணக்கில் எக்டேருக்கு 40 கிலோவாகிறது.

கயிற்றின் மேலேயே நிற்கும் தூர்கள் தனித் தலைவலி. அறுப்பவர் கை அவற்றை உள்ளே சேர்க்கத்தான் பார்க்கும். 1940-களில் இந்தியப் புள்ளியியலாளர்கள் மகலனோபிஸும் சுகாத்மேயும் மோதிக்கொண்டதே இதை ஒட்டித்தான். சிறிய வெட்டுகள் போதும், செலவு மிச்சம் என்றார் மகலனோபிஸ். வெட்டு சிறுக்கச் சிறுக்க ஓரத்துத் தூர்களால் மகசூல் கூடுதலாகவே வரும் என்று காட்டினார் சுகாத்மே. 1 சதுர மீட்டர் சதுரத்துக்குச் சுற்றளவு 4 மீட்டர். 5-க்கு 5 சதுரத்தில் அதே 1 சதுர மீட்டருக்கு 0.8 மீட்டர்தான் ஓரம். வம்பு ஐந்தில் ஒன்றாகிவிடுகிறது.

இனி எடை. பாரத பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் முக்கியப் பயிருக்கு ஊராட்சி அளவில் குறைந்தது 4 பரிசோதனைகள். கற்பனையாக நான்கு எடைகளை எடுத்துக்கொள்வோம்: 9.2, 12.5, 14.1, 10.6 கிலோ. கூட்டினால் 46.4, சராசரி 11.6 கிலோ, அதாவது எக்டேருக்கு 4,640 கிலோ. இதை உத்தரவாத மகசூலோடு ஒப்பிடுவார்கள். கடந்த 7 ஆண்டுகளில் நன்றாக விளைந்த 5 ஆண்டுகளின் சராசரியை இழப்பீட்டு அளவால் (அதில் எத்தனை சதவீதத்துக்குக் காப்பீடு பொறுப்பேற்கிறதோ அது) பெருக்கி வருவது அது. அந்த ஐந்தாண்டுச் சராசரி 5,300 கிலோ, இழப்பீட்டு அளவு 80 சதவீதம் என்றால் உத்தரவாத மகசூல் 4,240. ஊர் மகசூல் அதைவிட 400 கிலோ அதிகம். எனவே இழப்பீடு கிடையாது, பட்டியலில் பூஜ்யம்.

அந்த 400 கிலோ களத்தில் எவ்வளவு? சதுரத்துக்கு ஒரே ஒரு கிலோ. மூன்றாவது வயலில் முளை வேறு இடத்தில் விழுந்து 14.1-க்குப் பதில் 9.1 வந்திருந்தால், சராசரி 10.35 கிலோ, எக்டேருக்கு 4,140. உத்தரவாதமான 4,240-க்கு 100 கிலோ குறைவு, உடனே 2.36 சதவீத இழப்பீடு உண்டு.

இந்த ஆட்டத்தை அளக்கத்தான் திட்டவிலக்கம். சராசரியிலிருந்து விலகல்கள் -2.4, 0.9, 2.5, -1.0. வர்க்கப்படுத்திக் கூட்டினால் 13.82. இதை 4-ஆல் அல்ல, ஒன்று குறைத்து 3-ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் 2.15 கிலோ. எக்செல்லிலும் கால்குலேட்டரிலும் இதற்கு இரண்டு வழிகள் உண்டு, ஒன்று 3-ஆல் வகுக்கும், மற்றது 4-ஆல்; மாணவர்கள் பெரும்பாலும் தவறானதையே எடுத்து 1.86 என்று எழுதுகிறார்கள். 2.15-ஐ 4-இன் வர்க்கமூலமான 2-ஆல் வகுத்தால் சராசரியின் திட்டப்பிழை, அதாவது சராசரி எவ்வளவு ஆடக்கூடும் என்ற அளவு, 1.07 கிலோ. 95 சதவீத எல்லைக்கு இதை 1.96-ஆல் பெருக்குவது அடுத்த தவறு. நான்கே அளவுகள் இருக்கும்போது சிறிய மாதிரிகளுக்கான டி அட்டவணையில் (4-இல் ஒன்று குறைத்து) 3-ஆம் வரிசையைப் பார்க்க வேண்டும், அங்கே இருப்பது 3.182. பிழை எல்லை இரு பக்கமும் 3.4 கிலோ. ஊரின் உண்மை மகசூல் எக்டேருக்கு ஏறத்தாழ 3,275 முதல் 6,005 கிலோ வரை எங்கேயும் இருக்கலாம். உத்தரவாத மகசூல் அதற்குள் சௌகரியமாக உட்கார்ந்திருக்கிறது! இதே விலகலோடு 16 பரிசோதனைகள் நடந்திருந்தால் எல்லை எக்டேருக்கு இரு பக்கமும் 457 கிலோவாகச் சுருங்கும். அப்போதும் 4,240 மயிரிழையில் உள்ளேதான் இருக்கும். ஆள், நேரம், தராசு எல்லாம் நான்கு மடங்கு ஆகும் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

ஈரப்பதம் பற்றி யாரும் கேட்பதில்லை, கேட்க வேண்டும். 11.6 கிலோ என்பது 22 சதவீத ஈரத்தோடு நிறுத்தது என்றால், 14 சதவீதத்துக்கு உலர்த்தியபின் அது 10.52 கிலோதான் (11.6-ஐ 78-ஆல் பெருக்கி 86-ஆல் வகுத்துப் பாருங்கள்). உத்தரவாத மகசூல் சதுரக் கணக்கில் 10.6 கிலோ. பழைய ஆண்டுகளுக்கு உலர்ந்த எடையும் இந்த ஆண்டுக்கு ஈர எடையும் வைத்து ஒப்பிட்டால், வந்திருக்க வேண்டிய இழப்பீடு வராமலே போகும். கூட்டாகக் கையெழுத்துப் போடும்முன் விவசாயிகள் படிவத்தில் இந்த இடத்தைப் படித்துப் பார்ப்பது நல்லது.

இன்னொன்று அறுவடை இயந்திரம். வாடகை இயந்திரம் இரவில் ஊருக்குள் வந்தால் யாரும் அலுவலருக்காகக் காத்திருப்பதில்லை. குலுக்கலில் விழுந்த வயல் விடிவதற்குள் அறுபட்டால் மாற்று வயல். முந்தி அறுபட்டது மேட்டு வயலாகவும், காத்திருந்தது தண்ணீர் வடியாத பள்ளமாகவும் இருந்தால் சராசரி ஒரு பக்கமாகச் சாயும். அந்தச் சாய்வைத் திட்டப்பிழை காட்டாது, 16 பரிசோதனை வைத்தாலும் சரியாகாது. எத்தனை வயல்கள் மாற்றப்பட்டன என்ற எண் ஒன்றுதான் அதற்குத் தடயம்.

ஊர்ச் சராசரி எவருடைய சொந்த வயலையும் பற்றிப் பேசுவதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அது முழு ஊரின் மதிப்பீடு. தன் வயல் பொய்த்தவர் அதை வைத்துச் சண்டையிடுவது புரிகிறது, ஆனால் அந்தச் சண்டையில் கணக்கு அவருக்குத் துணைக்கு வராது.

பொருளியல் மற்றும் புள்ளியியல் துறையிடமும் வேளாண் துறையிடமும் நாங்கள் கேட்பது பெரிய செலவு பிடிக்கும் காரியம் இல்லை. ஊராட்சி அலுவலகப் பலகையில் சராசரியை ஒட்டும்போது அதற்குப் பக்கத்திலேயே நான்கு எடைகளையும், அவை ஈர எடையா உலர்ந்த எடையா என்பதையும், அறுத்த தேதியையும், மாற்றப்பட்ட வயல்களின் எண்ணிக்கையையும் சேர்த்து ஒட்டுங்கள். விவசாயி பெயர் வேண்டாம். அரைத் தாளில் அடங்கிவிடும். திட்டவிலக்கத்தை அந்த ஊர்ப் பள்ளிப் பிள்ளைகள் போட்டுக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
புள்ளியியல் பாடம் நடத்தும் ஆசிரியர்கள் இருவர்,
திருவாரூர் மாவட்டம்.