ஹேவன்ஸின் கட்டைவிரல்

அன்பு மகளுக்கு,

அமெரிக்கப் பாடகர் ரிச்சி ஹேவன்ஸ் உட்ஸ்டாக் இசை விழாவில் கிட்டார் வாசித்ததைப் பார்த்துப் பழகுகிறாய், அந்தச் சத்தம் மட்டும் வரவில்லை என்று எழுதியிருந்தாய். வழக்கமான டியூனிங்கில் வராதும்மா. அவர் வாசித்தது ஓப்பன் டியூனிங், அதாவது எங்கேயும் அழுத்தாமல் மீட்டினாலே ஒரு கார்டு (சேர்ந்தொலிக்கும் ஸ்வரங்கள்) வரும்படி கம்பிகளைச் சேர்ப்பது. நீ டி மேஜர் கார்டு வரும் ஓப்பன் டி-யில் ஆரம்பி.

தடித்த ஆறாம் கம்பியை இ-யிலிருந்து டி-க்கு இறக்கு. ஐந்தையும் நான்கையும் தொடாதே. மூன்றாவது ஜி-யிலிருந்து அரை ஸ்வரம் இறங்கி எஃப் ஷார்ப், இரண்டாவது பி-யிலிருந்து ஏ, முதலாவது இ-யிலிருந்து டி. இப்போது மேலிருந்து மீட்டினால் ச ப ச க ப ச. அந்த ‘க’ நம் கர்நாடக சங்கீதத்தின் அந்தர காந்தாரம்தான், உன் காதுக்கே தெரியும்.

கம்பியை இறக்கும்போது டி வந்தவுடன் நிறுத்திவிடாதே. கம்பியை முறுக்கும் கீயில் தளர்வு மிச்சமிருக்கும். நாலு தடவை ஓங்கி வாசித்தால் சுருதி இன்னும் இறங்கும். டி-க்குக் கீழே போய், ஏற்றிக்கொண்டே வந்து நிறுத்து. நாலு கம்பி தளர்ந்ததில் கழுத்து லேசாக நிமிர்ந்து, தொடாத இரண்டும் கொஞ்சம் ஏறியிருக்கும். அதனால் ஆறு கம்பிகளின் சுருதியையும் இன்னொரு முறை பார். ஆறாவது கம்பி ஃப்ரெட்டில் (கழுத்தின் குறுக்கே உள்ள உலோகப் பட்டையில்) பட்டுக் கறகறத்தால் தடிமனான 13 கேஜ் கம்பி செட் போடு. சுருதி உயர வேண்டுமென்றால் கம்பியை முறுக்காதே, இரண்டாம் ஃப்ரெட்டில் எல்லாக் கம்பிகளையும் அழுத்திப் பிடிக்கும் கேப்போ என்ற கிளிப் போதும்.

இனி கட்டைவிரல். கழுத்துக்கு மேலே கொண்டுவந்து தடித்த மூன்று கம்பிகளையும் சேர்த்து அழுத்து. ஐந்தாம் ஃப்ரெட்டில் ஜி, ஏழாம் ஃப்ரெட்டில் ஏ. கிளாசிக்கல் கிட்டார் வாத்தியார் பார்த்தால் திட்டுவார், திட்டட்டும். அந்த மூன்றிலும் சட்ஜமும் பஞ்சமமும்தான், காந்தாரம் கிடையாது. மேஜரா மைனரா என்று காட்டுவது காந்தாரம்தான், அதனால் இது மேஜரும் இல்லை, மைனரும் இல்லை. மைனரில் சோகமாகப் பாடினாலும் இடிக்காது. ஹேவன்ஸுக்குப் பெரிய கை. உனக்கு இரண்டு கம்பிதான் எட்டினால் அந்த இரண்டை மட்டும் மீட்டு.

வலது கைதான் ஆளைக் கொல்லும். முழங்கையை ஆட்டினால் இரண்டே நிமிடத்தில் வலிக்கும், மணிக்கட்டிலிருந்து அடி. உட்ஸ்டாக்கில் 1969 ஆகஸ்ட் 15 அன்று மற்ற கலைஞர்கள் போக்குவரத்து நெரிசலில் மாட்டிக்கொள்ள, ஹேவன்ஸ்தான் முதலில் மேடையேறினார். கைவசமிருந்த பாட்டெல்லாம் தீர்ந்த பிறகு ‘ஃப்ரீடம்’ என்ற ஒரே வார்த்தையை வைத்து இழுத்தார். ஒரே வரியை விதவிதமாகப் பாடும் நம் நிரவல் மாதிரிதான், தாளம் விடாமல். நீயும் பாட்டை விட்டுவிட்டு அந்தத் தாளத்தை மட்டும் பத்து நிமிடம் நிற்காமல் வாசித்துப் பார்.

பழைய டியூனிங்குக்குத் திரும்பும்போது முதல் கம்பியை மெதுவாக ஏற்று. மெல்லியது, அறுந்தால் அதுதான் முதலில் அறும். உபரியாக இரண்டு வாங்கி வைத்துக்கொள்.

அன்புடன்,
அப்பா