டிரம்ஸ் படிக்கும் பிள்ளைக்கு

அன்புள்ள சேகர்,

நலம்தானே? அம்மாவுக்கு முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது? உன் மகன் டிரம்ஸ் வகுப்பில் சேர்ந்த செய்தி படித்து மனசு நிறைந்துவிட்டது. ஆனால் அதற்குள் மேடை நிறைய டிரம் வேண்டும் என்று அடம்பிடிக்கிறானாமே! முதலில் அவனுக்கு ரோலிங் ஸ்டோன்ஸ் என்ற ஆங்கிலேய ராக் குழுவின் டிரம்மர் சார்லி வாட்ஸைக் காட்டு.

1957-ல் கிரெட்ஷ் கம்பெனி செய்த பழைய செட், அதில் நாலே டிரம். அதை வைத்துக்கொண்டு பல வருஷம் ஸ்டேடியம் ஸ்டேடியமாக வாசித்த மனுஷர் அவர். லண்டன்காரர். பையனாக இருந்தபோது வாங்கிய பாஞ்சோ என்ற தந்தி வாத்தியம் கைக்குப் பிடிபடவில்லை. அதன் கழுத்தைக் கழற்றிவிட்டு, மிச்சமிருந்த உருண்டைப் பகுதியைப் பிரஷ்ஷால் தட்ட ஆரம்பித்தார். படித்தது ஓவியம், வேலை விளம்பர நிறுவனத்தில், உயிர் ஜாஸில். 1963 ஜனவரியில் ஸ்டோன்ஸில் சேர்ந்தவர், 2021 ஆகஸ்டில் 80 வயதில் இறக்கும்வரை அந்தக் குழுவின் டிரம்மராகவே இருந்தார்.

அவருடைய வலது கையைப் பார்க்கச் சொல். மற்ற டிரம்மர்கள் ஹை-ஹாட்டை, அதாவது மிதித்து மூடும் ஜோடித் தாளத் தட்டுகளை, இடைவிடாமல் தட்டிக்கொண்டே போவார்கள். இவரோ, இடது கை ஸ்னேர் என்ற சுள்ளென்று ஒலிக்கும் டிரம்மில் இறங்கும் இரண்டாவது, நாலாவது அடியில் வலது கையைச் சட்டென்று தூக்கிவிடுவார். அந்தக் கணத்தில் ஸ்னேர் மட்டும் தனியாக, பளிச்சென்று விழும். தாளம் லேசாகத் தள்ளாடுவது போலிருக்கும், ஆனால் விழாது. எனக்கு அதுதான் சொர்க்கம்.

இன்னொன்றும் உண்டு. பெரும்பாலான குழுக்களில் டிரம்மரைப் பிடித்துக்கொண்டு மற்றவர்கள் போவார்கள். இங்கே கீத் ரிச்சர்ட்ஸின் கிதார் முன்னே போகும், சார்லி அதைக் கவனித்து வாசிப்பார். 1969-ல் வந்த அவர்கள் பாட்டு 'ஹாங்கி டாங்க் விமன்' போட்டுக் கேளுங்கள். முதலில் வரும் கௌபெல் (மாட்டு மணி போன்ற உலோக வாத்தியம்) தயாரிப்பாளர் ஜிம்மி மில்லர் தட்டியது. அதன்மேல் சார்லி வந்து உட்காரும் இடத்தைக் கேட்டால் நான் சொல்வது புரியும். ஜாஸ் மேதைகளைக் கேட்டு வளர்ந்த காது அது. தன் திறமையைக் காட்டும் ஆசையே அந்த வாசிப்பில் இல்லை. அதனால்தான் அவர்மேல் எனக்கு இத்தனை மரியாதை.

ஆகவே சின்ன செட்டே வாங்கு. மிச்சப் பணத்தில் நல்ல ஹை-ஹாட் ஒன்று எடுத்துக் கொடு. கடைக்குக் கிளம்பும்போது சொல், நானும் வருகிறேன்.

அன்புடன்,
ரவி