பூண்டு உரிக்க ஈஸியான வழி

ஆசிரியர் ஐயா வணக்கம். உங்க பேப்பர்ல பூண்டை சுடுதண்ணில ஊறப்போட்டா தோல் கழண்டுரும்னு போட்டிருந்தீங்க, நெசந்தான், பத்து நிமிசம் போதும், ஆனா ஈரம் பட்ட பூண்டு ரெண்டு நாள்ல வழவழன்னு ஆயிரும்ங்கறத சொல்லாம விட்டுட்டீங்களே.

எங்க பாம்பன் பக்கம் வெயிலுக்கா பஞ்சம்? பிள்ளை பெத்தவளுக்கு பால்சுறா புட்டு வைக்கணும்னா ரெண்டு கை நெறய பூண்டு வேணும், அதுக்கு எங்க அம்மா பல்லு பல்லா உதுத்து, துளி நல்லெண்ணெய் தடவி, மொறத்துல பரப்பி மத்தியானம் வரைக்கும் மாடில காயப்போடும், அப்புறம் சாக்குத்துணில வச்சு ரெண்டு தேய் தேய்ச்சு பொடச்சா தோலு பூரா கடக்காத்துல பறந்துரும் (பக்கத்து வீட்டு முத்தத்துக்குத்தான் போகும், அது வேற சண்டை).

அவசரமா நாலஞ்சு பல்லுதான் வேணும்னா அம்மிக் கொழவியால லேசா ஒரு தட்டு, அவ்ளோதான். மூடி போட்ட டப்பால போட்டு குலுக்குறது மலைப்பூண்டுக்கு சரி, சின்ன நாட்டுப்பூண்டுக்கு கைதான் வலிக்கும். மைக்ரோவேவ்ல பதினஞ்சு செகண்டு வச்சாலும் தோல் விடும், கூட விட்டா வெந்து காரமே போயிரும்.

இன்னொண்ணு, உரிச்ச பூண்டை எண்ணெய்ல போட்டு வெளிய வைக்காதீங்க. காத்துப் படாத எடத்துல வளர்ற ஒரு கிருமி வெசமாக்கிரும், வாசனைல கூட தெரியாது. பிரிட்ஜ்ல வச்சு நாலு நாளைக்குள்ள தீத்துருங்க. அடுத்த தடவ சின்ன வெங்காயத்துக்கும் எதாச்சும் போடுங்க ஐயா.

இப்படிக்கு
பாம்பன் வாசகி