அந்தக் குழுவை மறுபடி ஒன்று சேர்த்துவிடுங்கள்: யூபிசாஃப்ட் நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

வீடியோ கேம் நிறுவனமான யூபிசாஃப்டின் நிர்வாகத்தில் இருக்கும் அனைவருக்கும் வணக்கம்.

உங்கள் 'பிரின்ஸ் ஆஃப் பெர்சியா: தி லாஸ்ட் கிரவுன்' வீடியோ கேம் எப்படி வந்தது, விமர்சகர்கள் அதை எப்படிக் கொண்டாடினார்கள், அதைச் செய்த, பிரான்சின் மோன்பெலியே ஊரில் இருக்கும் உங்கள் ஸ்டுடியோவின் குழு பிறகு எப்படிக் கலைக்கப்பட்டது என்பதெல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். போன வாரம் என் தம்பி அந்த ஆட்டத்தை இரண்டாவது முறையாக முடித்துவிட்டு, "அண்ணா, அடுத்த பார்ட் எப்ப வரும்?" என்று கேட்டான். என்னால் ஒரு பதிலும் சொல்ல முடியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

தம்பியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நாலு வருடத்துக்கு முன்னால் ஒரு பைக் விபத்து. வலது கையில் கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் அதற்கப்புறம் சரியாக மடங்குவதில்லை. கட்டுப்பாட்டுக் கருவியைப் பிடிப்பான், பொத்தானை அழுத்துவான், ஆனால் அரை நொடி பிந்திவிடும். தாவிக் குதிக்கிற ஆட்டத்தில் அந்த அரை நொடிதான் எல்லாமே. முள் குத்தும், பள்ளத்தில் விழும், மறுபடி ஆரம்பத்திலிருந்து. ஒவ்வொரு ஆட்டமாகத் தொடங்குவான், பத்தாவது முறை விழுந்ததும் கருவியை மேசையில் வைத்துவிட்டு எழுந்து போய்விடுவான். எதுவும் சொல்ல மாட்டான். அவன் அப்படிப் பேசாமல் எழுந்து போவதைப் பார்ப்பதுதான் எனக்குப் பெரிய கஷ்டம்.

லாஸ்ட் கிரவுனில் அவன் எழுந்து போகவில்லை. எதிரியின் அடி எவ்வளவு பலமாக இருக்க வேண்டும், தடுத்துத் திருப்பி அடிப்பதற்கு எவ்வளவு அவகாசம் வேண்டும் என்பதை அவனே வைத்துக்கொள்ள முடிந்தது. ரொம்பக் கடினமான தாவல் வரும் இடங்களில், வேண்டுமென்றால் ஒரு வாசல் திறந்து அந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம். தம்பி அந்த வாசலைப் பயன்படுத்தியது இரண்டு இடத்தில்தான். மற்றதையெல்லாம் அவனே தாண்டினான். வாசல் இருக்கிறது என்ற தைரியமே அவனுக்குப் போதுமாக இருந்தது. உங்கள் அலுவலகத்தில் யாரோ ஒருவர் உட்கார்ந்து இப்படிப்பட்ட கைகளை நினைத்துப் பார்த்திருக்கிறார். அவருக்கு என் நன்றியைச் சொல்லுங்கள்.

2024 டிசம்பரில் நடந்த தி கேம் அவார்ட்ஸ் விழாவில், எல்லோரும் ஆடும்படி செய்த புதுமைக்கான விருது இந்த ஆட்டத்துக்குக் கிடைத்தது. ஆனால் அதற்கு இரண்டு மாதம் முன்பே, அக்டோபரிலேயே, குழு கலைந்த செய்தி வந்துவிட்டது. பெரும்பாலானவர்கள் வேறு திட்டங்களுக்கு மாற்றப்பட்டதாக நீங்களே உறுதி செய்தீர்கள். விருது வந்த நாளில் அதை வாங்கிக் கொண்டாட அந்தக் குழு ஒன்றாக இல்லை. இதை நினைத்தால் இன்னும் மனசு ஆறவில்லை.

விமர்சகர்கள் சொன்னதை நீங்கள் படிக்காமல் இருந்திருக்க மாட்டீர்கள். விமர்சகர்களின் மதிப்பெண்களைத் தொகுக்கும் மெட்டாக்ரிட்டிக் தளத்தில் சராசரி நூற்றுக்கு 85-ஐ ஒட்டி நின்றது. கதையில் அழுத்தம் போதவில்லை என்று சிலர் எழுதினார்கள், அதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நாயகன் சார்கனின் ஓட்டம், வாள்வீச்சு, சீமுர்க் என்ற தெய்வப் பறவை தரும் காலத்தை வளைக்கும் சக்திகள், கதை நடக்கும் காஃப் மலையின் பொறிகள், இவற்றைக் குறை சொன்னவர்கள் அபூர்வம். எல்லோரும் தனியாக எடுத்துப் பாராட்டிய சின்ன விஷயம் ஒன்று உண்டு. போக முடியாத வழி எதிர்ப்பட்டால் அந்த இடத்தையே படம் பிடித்து வரைபடத்தில் ஒட்டி வைக்கலாம். பார்த்த இடங்களுக்கே திரும்பத் திரும்ப வர வேண்டிய இந்த வகை ஆட்டங்களில் பத்து மணி நேரம் கழித்து, "இந்த இடத்தில் ஏன் குறி வைத்தோம்?" என்று மண்டையைக் குடைந்துகொள்ளாதவர்கள் யார்? அதற்கு இவ்வளவு எளிதான தீர்வைக் கண்டுபிடித்தது நீங்கள் கலைத்த அந்தக் குழுதான். இந்தத் தொடரில் முதல் முறையாகப் பாரசீக மொழியிலேயே குரல் கொடுக்க வைத்ததும் அவர்கள்தான்.

விற்பனை எதிர்பார்த்த அளவு இல்லை என்று செய்திகள் வந்தன. சரி, வியாபாரம் வியாபாரம்தான். ஆனால் ஆட்டம் 2024 ஜனவரி 18 அன்று வந்தது. ஸ்டீம் என்ற இணையக் கடையில் வந்தது ஆகஸ்டில். கணினியில் ஆடுபவர்களில் பெரும்பாலோர் வாங்குகிற கடையில் ஏறத்தாழ ஏழு மாதம் சரக்கே வைக்காமல் இருந்துவிட்டு, விற்கவில்லை என்று செய்தவர்களைக் கலைப்பது எந்த நியாயம்? வெளியான மறுநாளே பால்வேர்ல்ட் என்ற வேறொரு ஆட்டம் வந்து ஊரையே இழுத்துக்கொண்டு போனது. அதே மாதக் கடைசியில் டெக்கன் 8 என்ற சண்டை ஆட்டமும் வந்தது. தேதியையும் கடையையும் முடிவு செய்தவர்கள் அந்தக் குழுவினரா?

இது முதல் முறையும் இல்லை. அதே மோன்பெலியே ஸ்டுடியோதான் 2013-ல் ரேமன் லெஜண்ட்ஸ் என்ற தாவல் ஆட்டத்தைத் தந்தது. அதையும் விமர்சகர்கள் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள். அதற்குப் பிறகு பத்து வருடத்துக்கு மேல் ஆகியும் முழு அளவில் ஒரு புதிய ரேமன் தாவல் ஆட்டம் வரவில்லை. இதே பிரின்ஸ் ஆஃப் பெர்சியா தொடரின் பழைய ஆட்டமான சாண்ட்ஸ் ஆஃப் டைமின் மறு உருவாக்கத்தை 2020-ல் புனே, மும்பை ஸ்டுடியோக்களிடம் கொடுத்து அறிவித்தீர்கள்; 2022-ல் அது மான்ட்ரியல் ஸ்டுடியோவுக்குப் போனது. அதுவும் எங்கள் கைக்கு வரவே இல்லை, 2026-ல் கைவிட்டுவிட்டீர்கள். இதே தொடரில் 2010-ல் வந்த ஃபர்காட்டன் சாண்ட்ஸுக்கும் லாஸ்ட் கிரவுனுக்கும் நடுவில் 14 வருடம் காத்திருந்தோம். நன்றாகச் செய்தாலும் இதுதான் கதி என்றால், உங்களிடம் வேலை செய்யும் இளைஞர்கள் எதை நம்பி ராப்பகலாக உழைப்பார்கள்?

கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், மன்னியுங்கள். கேட்க வந்தது ஒன்றுதான். மோன்பெலியே குழுவை மறுபடி ஒன்று சேர்த்துவிடுங்கள். லாஸ்ட் கிரவுனின் இரண்டாம் பாகத்தை அவர்களிடமே கொடுங்கள். வேறு கைக்குப் போனால் பெயர் மட்டும்தான் அதுவாக இருக்கும்.

இந்தத் தொடர் எப்படிப் பிறந்தது என்று உங்களுக்குத் தெரியும். ஜோர்டன் மெக்னர் தன் தம்பி டேவிட்டை ஓட வைத்து, தாவ வைத்து, வீடியோ எடுத்து, அந்த அசைவுகளை ஒவ்வொரு படமாக வரைந்து 1989-ல் ஆப்பிள் 2 கணினியில் முதல் இளவரசனை நடக்க வைத்தார். கம்ப்யூட்டர் சென்டரில் அந்த இளவரசனை ஒரு மணி நேரத்துக்குள் கரை சேர்க்க முடியாமல் நானும் தவித்திருக்கிறேன். பக்கத்தில் நின்று "குதி, குதி!" என்று கத்தியவன் இதே தம்பிதான். இன்றைக்கு ஆடுவது அவன், பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பது நான்.

முழு அறிவிப்பு இப்போதே வேண்டாம். அந்தக் குழு திரும்பச் சேர்கிறது, வேலை தொடங்கப் போகிறது என்று ஒரு வரி சொன்னால் போதும். தயவு செய்து சொல்லுங்கள். நான் அதைத் தம்பியிடம் சொல்லிவிடுகிறேன்.

இப்படிக்கு,
காத்திருக்கும் ஒரு ரசிகன்