பிசியோதெரபி மலையேறட்டும்

சேலம் மாவட்டத்தில் மறுவாழ்வுச் சிகிச்சைக்குப் பொறுப்பேற்றிருக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். முதுகெலும்புத் தொற்றுக்கு வைத்தியம் முடித்து ஏற்காட்டு மலைக்கிராமங்களுக்குத் திரும்புகிறவர்களின் டிஸ்சார்ஜ் சீட்டில் கடைசி வரி மாறுவதே இல்லை: 'பிசியோதெரபி தொடரவும். 2 வாரம் கழித்து வரவும்.' போன வாரமும் அப்படி ஒரு சீட்டு வந்து சேர்ந்தது. இடுப்புக்குக் கீழே உணர்ச்சியில்லாதவர் எப்படி வருவார் என்பதற்கு அதில் வரி இல்லை.

மருந்தைக் குறை சொல்லவில்லை. காசநோய் என்றால் 2 மாதம் நான்கு மருந்து, பிறகு குறைந்தது 10 மாதம் மூன்று மருந்து. சீழ்க்கிருமி என்றால் பெரும்பாலும் 6 வாரம் ஆன்டிபயாடிக். காசநோயாளிக்கு ஊட்டச்சத்துத் தொகையும் 2024 நவம்பரிலிருந்து மாதம் 1,000 ரூபாய் ஆகிவிட்டது. கிருமி சாகும். காலில் பலம் திரும்புவது வேறு வேலை. அதற்காகத்தான் கேட்கிறோம்: பிசியோதெரபிஸ்ட் மேலே வர வேண்டும், நோயாளி கீழே இறங்கக் கூடாது.

இறங்குவது என்றால் என்னவென்று பாருங்கள். 20 கொண்டை ஊசி வளைவு. வயிற்றுத் தசை வேலை செய்யாதவரால் உடம்பை நிமிர்த்திப் பிடிக்க முடியாது. ஒவ்வொரு வளைவிலும் முன்சீட்டுக் கம்பியில் தொங்குவார்; முதுகை அசையாமல் தாங்கும் பிரேஸுக்குள்ளேயே முதுகு முறுக்கும். உட்கார்ந்திருப்பவர் 15 நிமிடத்துக்கோ அரை மணிக்கோ ஒருமுறை கையூன்றிப் புட்டத்தைத் தூக்கிவிட வேண்டும். ஓடுகிற பஸ்ஸில் கையை எடுத்தால் ஆளே சரிந்துவிடுவார். ஓ.பி. வரிசையையும் சேர்த்தால் போய்வர ஒரு பகல். எலும்புக்கும் இருக்கைக்கும் நடுவே தோல் நசுங்கி 2 மணி நேரம் ரத்தம் ஓடாவிட்டாலே புண்ணுக்கு அடி போட்டாயிற்று. வலி தெரியாது. கருத்த தோலில் சிவப்பும் தெரியாது. புறங்கையை வைத்துப் பார்த்தால் அந்த இடம் மட்டும் சுடும், விரலுக்குக் கெட்டியாகப் படும். சில நாளில் தோல் உரியும். அதன்பின் உட்கார வைக்கவே முடியாது. கால் மணி நேரப் பயிற்சிக்காக இறங்கியவர் மாதக்கணக்கில் ஒருக்களித்துக் கிடப்பார்.

புதிதாகத் திட்டம் எதுவும் கேட்கவில்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கு வந்து செய்யும் பிசியோதெரபியும் உண்டு. ஆனால் முழங்கால் வலிக்குச் சொல்லும் பயிற்சியை இவர்களுக்குச் சொல்ல முடியாது. எந்த முள்ளெலும்பு, முதுகெலும்பில் ஆபரேஷன் செய்து கம்பி வைத்திருக்கிறதா, எத்தனை டிகிரி வரை நிமிர்த்தி உட்காரவைக்கலாம், பிரேஸ் எந்தத் தேதி வரை, வீடு திரும்பும் நாளில் காலின் பலம் 5-க்கு எத்தனை, சிறுநீர் கழித்த பின் சிறுநீர்ப்பையில் எவ்வளவு மிச்சம். இந்த ஆறும் சீட்டில் இருந்தால்தான் வருகிற பிசியோதெரபிஸ்ட் துணிந்து தொடுவார். இல்லையென்றால் கணுக்காலை நாலு தடவை ஆட்டிவிட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போவார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது.

வீட்டாருக்கும் வார்டிலேயே 3 நாள் கற்றுக்கொடுங்கள். புரட்டும்போது தோளில் ஒருவர், இடுப்பில் ஒருவர், முழங்காலில் ஒருவர். எண்ணிக்கொண்டு மரக்கட்டையைப் போல ஒரே மூச்சில் திருப்ப வேண்டும். தெரியாதவர்கள் கையைப் பிடித்து இழுக்கிறார்கள். தோள் திரும்பும், இடுப்பு அங்கேயே நிற்கும். குதிகால் மெத்தையில் படாமல் கெண்டைக்காலுக்குக் கீழே தலையணை. சிறுநீரை வெளியே எடுக்கக் குழாய் விடுவது 4 முதல் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை. ஒரு தடவைக்கு 500 மில்லியைத் தாண்டினால் இடைவெளியைக் குறைக்க வேண்டும். ஒரு நாளைக்கு 5 தடவை, தடவைக்கு ஒரு குழாய் என்றால் மாதத்துக்கு 150 குழாய். கையில் கொடுத்தனுப்புவது எத்தனை என்பதை ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.

மே மாதக் கோடை விழாவுக்கு இதே மலைக்குச் சிறப்புப் பேருந்து விடுகிறார்கள், மலர்க் கண்காட்சிக்கு அமைச்சர்கள் வருகிறார்கள். பூ வாடிவிடும் என்று எல்லோருக்கும் கவலை. ஒரு பிசியோதெரபிஸ்டும் ஒரு காற்று மெத்தையும் ஏறுவதற்கு மட்டும் சாலை சரியில்லையாம். கோபத்தில் எழுதிவிட்டோம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கீழே இறங்கியே தீர வேண்டிய நேரமும் உண்டு. கால் புதிதாகத் தளர்ந்தாலோ, சிறுநீர் திடீரென்று நின்றாலோ, காய்ச்சல் திரும்பினாலோ அன்றைக்கே 108-ல், படுத்தபடி. மற்ற நாட்களில் தயவுசெய்து பிசியோதெரபிஸ்டை மேலே அனுப்புங்கள். முதலில் வாரம் ஒரு நாள் போதும். எந்தக் கிழமை என்று முன்கூட்டிச் சொல்லிவிட்டால் பஸ் போகாத ஊர்களுக்கு ஜீப் பேசி வைக்கிறோம்.

இப்படிக்கு,
முதுகெலும்பு நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் மலைக்கிராமத்தார்