கப்பலில் ஒருவருக்குச் சலுகை வந்தால், கூட வருகிறவர்களிடம் கிளம்பும் முன்பே சொல்லிவிடுவோம்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

ராயபுரம் கல்மண்டபம் பக்கத்து நம் கடையில், கூட்டமாகக் கப்பல் பயணம் பதிவு செய்கிறவர்களுக்கு இனி ஒரு தாள் கூடுதலாகத் தரப்போகிறோம். அந்தப் பயணத்தில் யாருக்கு என்ன சலுகை வருகிறது, யார் பெயரில் வருகிறது, கூட வருபவர்களோடு அதைப் பகிர முடியுமா முடியாதா என்று அதில் எழுதியிருக்கும். பணம் கட்டும் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பிரதி. "இது எதுக்குங்க புதுசா?" என்று சிலர் கேட்டீர்கள். கடையில் கூட்டத்துக்கு நடுவே நின்றுகொண்டு சொல்கிற விஷயமில்லை என்பதால் எழுதுகிறேன்.

போன வருடம் தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு குடும்பம் சிங்கப்பூர் போய்க் கப்பல் ஏறியது. அண்ணன் தம்பிகள், அக்கா தங்கைகள், அவரவர் சம்பந்தி வீட்டார் என்று 18 பேர், 9 அறைகள். எல்லாரிடமும் பணம் வசூலித்து, பாஸ்போர்ட் நகல் சேகரித்து, நாலு மாதம் எங்கள் கடைக்கும் வீட்டுக்குமாக அலைந்தவர் மூத்த மாப்பிள்ளை. இப்படிக் கூட்டமாகப் போனால் பல கப்பல் கம்பெனிகளில் ஒரு வழக்கம் உண்டு. அறைக்கு இரண்டு பேர் என்ற கணக்கில் 16 பேர் முழுக் கட்டணம் செலுத்தினால், ஒருவருடைய கட்டணத்தைத் தள்ளுபடி செய்வார்கள். வரியும் துறைமுகக் கட்டணமும் டிப்ஸும் அதில் சேராது. அறையில் மூன்றாவது, நாலாவது படுக்கையில் வரும் பிள்ளைகளையும் பெரும்பாலும் அந்தக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். இந்தத் தள்ளுபடி வந்ததை நாங்கள் மூத்த மாப்பிள்ளையிடம் மட்டும் சொன்னோம். அவர் தன் கட்டணத்தில் கழித்துக்கொண்டார். வேறு யாரிடமும் சொல்லவில்லை.

கப்பலில் மூன்றாம் நாள் ராத்திரி, யாரோ பதிவுத் தாளை எடுத்துப் பார்த்ததில் விஷயம் வெளியே வந்துவிட்டது. கடைசி மச்சான் கேட்டது இவ்வளவுதானாம்: "இத்தினி மாசம் எங்களுக்கோசரம் நாயா அலைஞ்சீங்கோ மாமா. நீங்க காசு கட்டாம வந்தா இன்னா தப்பு? ஒரு வார்த்த சொல்லியிருந்தா நாங்களே எடுத்துக்கங்கோன்னு சொல்லியிருப்போமே. ஏன் மறைச்சீங்கோ?" அதற்கு அவரால் பதில் சொல்ல முடியவில்லை. மீதிப் பயணத்தில் ஆளுக்கொரு மேசையில் சாப்பிட்டிருக்கிறார்கள். ஊர் திரும்பி இரண்டு வாரம் கழித்து அந்த வீட்டு அம்மா கடைக்கு வந்தார். கத்தவில்லை. "உனக்குத் தெரியுமில்ல கண்ணு, எல்லார் எதிர்லயும் சொல்லியிருக்கலாமே" என்றார். அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. பணம் கட்டியவர்கள் 18 பேர். நாங்கள் பேசியதோ ஒரே ஒருவரிடம். அது எங்கள் தவறு.

அந்தத் தள்ளுபடியை அலைந்தவரே எடுத்துக்கொள்வது நியாயம்தான் என்று இப்போதும் நினைக்கிறேன். எல்லாருக்கும் சமமாகப் பிரித்தாலும் சரி, வீட்டுப் பெரியவர் கட்டணத்தில் கழித்தாலும் சரி, கப்பலில் காசு கொடுத்துச் சாப்பிடும் தனி உணவகத்தில் ஒரு ராத்திரி எல்லாரும் சேர்ந்து சாப்பிட்டாலும் சரி. என்னைக் கேட்டால் பெரியவர் கட்டணத்தில் கழிக்கத்தான் சொல்வேன். ஆனால் எதைச் செய்தாலும் முன்பணம் கட்டுகிற நாளிலேயே எல்லார் காதிலும் விழும்படி சொல்லிவிட வேண்டும். எங்களுக்கும் உங்கள் பதிவில் கப்பல் கம்பெனி கமிஷன் தருகிறது. கேட்டால் எவ்வளவு என்று சொல்வோம்.

அடுத்தது உறுப்பினர் சலுகை, அதாவது ஒரே கப்பல் கம்பெனியில் திரும்பத் திரும்பப் போகிறவர்களுக்குக் கிடைப்பது. 2022 ஜூனில் நம் துறைமுகத்திலிருந்தே சுற்றுலாக் கப்பலை முதல்வர் கொடியசைத்து அனுப்பிய பிறகுதான் வடசென்னையில் பல வீடுகளுக்குக் கப்பல் பயணம் என்பதே பழக்கமானது. ஒரு முறை போய் ருசி கண்டவர்கள் சிங்கப்பூர் போய் ஏறினார்கள். அப்படிப் போய்ப் போய் இப்போது நம் வாடிக்கையாளர்கள் சிலர் மேல்படி உறுப்பினர்களாகவே ஆகிவிட்டார்கள். ராயல் கரீபியன் என்ற கப்பல் கம்பெனியில் ஒரு ராத்திரிக்கு ஒரு புள்ளி, சூட் என்னும் பெரிய சொகுசு அறை எடுத்தால் இரண்டு. 30 புள்ளிக்கு பிளாட்டினம், 55க்கு எமரால்டு, 80க்கு டயமண்ட், 175க்கு டயமண்ட் பிளஸ், 700க்கு பின்னகிள். நாலு ராத்திரிப் பயணமாகவே போகிறவர் சாதாரண அறையில் 20 தடவை போனால்தான் டயமண்ட். டயமண்ட் உறுப்பினருக்கு தினமும் நாலு இலவசப் பானங்கள், கப்பலில் தரும் அவர் அட்டையிலேயே ஏறிவிடும். மதுதான் வேண்டும் என்றில்லை. காபியோ மாக்டெயிலோ வாங்கிக்கொள்ளலாம்.

நம் குடும்பங்களுக்கு இடறுகிற இடம் இங்கேதான். அந்தப் படிநிலை கணவன் மனைவிக்குள் பகிரப்படும், 18 வயது ஆகாத பிள்ளைகளுக்குப் பெற்றோரின் படி வரும். அம்மாவுக்கு வராது. ஒரே வீட்டில், ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிட்டாலும் வராது. கூடப் பிறந்த தங்கைக்கும் வராது. கப்பல் கம்பெனியின் கணக்கில் குடும்பம் என்பது அவ்வளவுதான். நம் கணக்கு வேறு. டயமண்ட் உறுப்பினர்களுக்கு மட்டுமான அறைக்கு மகனும் மருமகளும் சாயங்காலம் போய்விட, எங்கே போய் உட்காருவது என்று தெரியாமல் மாமியார் லிஃப்ட் பக்கத்தில் நிற்கிற நிலை அதனால்தான் வருகிறது.

அதற்காக அந்தச் சலுகையே வேண்டாம் என்று ஒதுக்கச் சொல்லவில்லை. பெரம்பூரிலிருந்து வரும் ஒரு அக்கா தங்கையோடு போனபோது, தங்கைக்கு இல்லாதது தனக்கும் வேண்டாம் என்று ஒரு நாள்கூட அந்த அறைக்குப் போகவில்லை. தங்கைக்கு அது சுமையாகிவிட்டது. "என்னாலதான அவ போகல" என்று பயணம் முழுக்க மருகியிருக்கிறாள். பல வருடம் காசு போட்டுச் சேர்த்த உரிமையை அனுபவிப்பதில் குற்றமில்லை. கிளம்பும் முன்பே, "சாயங்காலம் அரை மணி நேரம் நான் அங்கே இருப்பேன், ஏழரைக்கெல்லாம் சாப்பாட்டு மேசைக்கு வந்துவிடுவேன்" என்று சொல்லிவைத்தால் போதும். சொன்ன நேரத்துக்கு வரவும் வேண்டும். வந்த பிறகு உள்ளே என்னென்ன வைத்திருந்தார்கள் என்று தட்டு தட்டாக வர்ணிக்காதீர்கள். அந்த அறையில் எடுத்த படத்தைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள்.

கூட வருகிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். "எனக்கும் ஒரு கிளாஸ் வாங்கிக் கொடேன்", "உன் அட்டையைக் கொடு, ஒரு நிமிஷம் உள்ளே போய்ப் பார்த்துட்டு வரேன்" என்று கேட்டு அவரைத் தர்மசங்கடத்தில் மாட்டிவிடாதீர்கள். அட்டையைத் தேய்த்ததும் எதிரே இருப்பவரின் திரையில் உரியவரின் முகம் வந்துவிடும். மொத்தமாக ஒரு தொகை கட்டித் தினமும் பானங்கள் வாங்கிக்கொள்ளும் பானப் பேக்கேஜை இன்னொருவருக்குப் பகிர்ந்தால் அந்தப் பேக்கேஜையே ரத்து செய்ய விதியில் இடமிருக்கிறது. பரிமாறுகிற பையனும் நம் ஊர்ப் பிள்ளைகளைப் போலக் குடும்பத்தை விட்டு மாதக்கணக்கில் கடலில் வேலை பார்க்கிறவன். அவனை விதி மீறச் சொல்லி நிற்க வைப்பது நமக்கு அழகில்லை.

நண்பர்களாகப் போகிறவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள். ராயல் கரீபியனில் ஓர் அறையில் குடிக்கும் வயது வந்த ஒருவர் மதுப் பேக்கேஜ் எடுத்தால், அதே அறையில் இருக்கும் அந்த வயது வந்த மற்றவரும் எடுத்தாக வேண்டும். குடிக்காதவரைக் குடிக்கிறவரோடு ஒரே அறையில் போட்டுவிட்டு அப்புறம் எங்களிடம் வந்து வருத்தப்படாதீர்கள். யார் யார் ஒரே அறை என்பதை எழுதும்போதே சொல்லுங்கள்.

பகிர முடிந்த சலுகைகளும் நிறைய இருக்கின்றன. அறைக்கு வரும் பழத்தட்டு, இனிப்புத் தட்டு இவற்றுக்கெல்லாம் யாரும் கணக்குக் கேட்பதில்லை. அம்மா அறையில் எல்லாரும் கூடுகிற நேரத்தில் எடுத்துக்கொண்டு போங்கள். கப்பலில் செலவழிக்க உங்கள் கணக்கில் வரவு வைக்கும் பணம் சில பதிவுகளில் கிடைக்கும். குடும்பமாக எடுத்துக்கொள்ளும் ஒரு நல்ல படத்துக்கு அது போதும். முதலில் ஏற்றிவிடும் சலுகை உங்களுக்கு மட்டும் இருந்தால், வயதானவர்களை வரிசையில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். நடக்கச் சிரமப்படுகிறவர்களுக்குச் சக்கர நாற்காலி உதவியை முன்கூட்டியே கேட்டுவைக்கலாம். அதைப் பதிவு செய்வது எங்கள் வேலை, சொன்னால் போதும்.

திருப்பதியை நினைத்துப் பாருங்கள். வீட்டில் ஒருவருக்கு மட்டும் சீக்கிர தரிசனத்துக்கு வழி கிடைத்துவிட்டால், அவர் வெளியே வந்து லட்டுப் பையோடு மற்றவர்களுக்காகக் காத்திருப்பார். அவர் முன்னால் போனதை யாரும் குறையாகச் சொல்ல மாட்டார்கள். காத்திருக்காமல் அறைக்குப் போய்ப் படுத்துவிட்டால்தான் பத்து வருடத்துக்குச் சொல்லிக் காட்டுவார்கள்.

சூட் அறைகள் பற்றி எனக்குக் கொஞ்சம் கடுமையான அபிப்பிராயம் உண்டு. ஜென்டிங் டிரீம் கப்பலில் பேலஸ் என்றும், எம்.எஸ்.சி. கம்பெனியின் பல கப்பல்களில் யாட் கிளப் என்றும் தனிப்பகுதி இருக்கிறது. தனி உணவகம், தனி நீச்சல் குளம், கூப்பிட்ட குரலுக்கு வந்து நிற்கப் பட்லர். அங்கே அறை எடுத்தவர்கள் மட்டும்தான் உள்ளே போகலாம். மற்ற அறைகளில் இருக்கும் சொந்தக்காரர்களை விருந்தாளியாகக்கூடப் பொதுவாகக் கூட்டிப்போக முடியாது. புதிதாகக் கல்யாணமானவர்கள் தனியாகப் போனால் தாராளமாக எடுக்கட்டும். அப்பா அம்மாவின் அறுபதாம் கல்யாணத்துக்காகப் போகிற பயணத்தில் பிள்ளைக்குப் பேலஸ், பெற்றோருக்கு ஜன்னலில்லாத அறை என்று கேட்டால், பதிவு செய்யும் முன் ஒரு தடவை யோசிக்கச் சொல்லி நான் கேட்பேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். அதே பணத்தில் இரண்டு பேருக்கும் பக்கத்துப் பக்கத்தில் பால்கனி அறை கிடைக்குமா என்று பார்த்துத் தருகிறேன்.

அதேபோல, மேல்வகுப்பு அறைக்குக் கூடுதலாக எவ்வளவு தருவீர்கள் என்று கேட்டு ஏலத்துக்கு அழைக்கும் மின்னஞ்சல் வரும். ஜெயித்துவிட்டால் அறையே மாறிவிடும். பக்கத்து அறையில் அம்மா இருக்க, நீங்கள் நாலு தளம் மேலே கப்பலின் மறுகோடியில் இருப்பீர்கள். ஆளுக்கு இவ்வளவு என்று நீங்கள் எழுதும் தொகையை இரண்டு பேருக்கும் சேர்த்துப் பிடிப்பார்கள் என்பதும் நினைவிருக்கட்டும். வீட்டில் கேட்காமல் அந்தப் பொத்தானை அழுத்தாதீர்கள்.

என் தாத்தா மலேயாவிலிருந்து ரஜுலா கப்பலில் மெட்ராஸ் வந்தவர். 1926இல் ஓடத் தொடங்கி, பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் இங்கிருந்து நம் ஆட்களை ஏற்றிப்போய் இறக்கிய கப்பல் அது. தாத்தாவுக்கு டெக் டிக்கெட், பாயை விரித்துப் படுக்கிற இடம். கூட வந்த பெரியப்பாவுக்கு முதலாளி வாங்கிக் கொடுத்த கேபின். டெக் ஆட்கள் மேலே போக முடியாது. பெரியப்பா தினமும் சாயங்காலம் கீழே இறங்கி வந்து, தாத்தாவின் பாயில் உட்கார்ந்து பேசிவிட்டு, படுக்கும் நேரத்துக்குத்தான் மேலே போவாராம். அந்தக் கேபின் எப்படி இருந்தது என்று தாத்தா ஒரு நாளும் எங்களிடம் சொன்னதில்லை. பெரியப்பா இறங்கி வந்ததை மட்டும் சாகும் வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

புதுத் தாள் அடுத்த சிங்கப்பூர்க் கூட்டத்திலிருந்தே நடைமுறைக்கு வருகிறது. பெயர் கொடுத்தவர்கள் முன்பணம் கட்ட வரும்போது வீட்டுக்கு ஒருவராவது சேர்ந்து வாருங்கள். தாளை எல்லார் எதிரிலும் படித்துக் காட்டி, சந்தேகம் தீர்ந்த பிறகுதான் பணம் வாங்குவோம். ஏற்கெனவே எந்தக் கப்பல் கம்பெனியிலாவது உறுப்பினராக இருந்தால் அந்த எண்ணையும் கொண்டுவாருங்கள். பாஸ்போர்ட்டில் குறைந்தது ஆறு மாதமாவது கெடு மிச்சமிருக்க வேண்டும், சிங்கப்பூருக்கு விசாவும் வேண்டும். தண்டையார்பேட்டை அம்மாவிடம் முதல் தாளைக் காட்டினேன். எழுத்து சின்னதாக இருக்கிறது என்றார். பெரிதாக்கி அச்சடிக்கக் கொடுத்திருக்கிறோம்.

அன்புடன்,
உங்கள் ராயபுரம் கடையிலிருந்து